உபசாரத்துக்குச் சொன்ன வார்த்தை

பெனிதோவாவும் கலோலோவும் அண்ணன் தம்பி மக்கள். மூத்தவர் பிள்ளை பெனிதோவா, இளையவர் பிள்ளை கலோலோ. இருவருக்கும் ஒரே அத்தை, மக்கெரிட்டா. எங்கள் சவாயி தீவில் அத்தை வாய் திறந்தால் ஆண்பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ள வேண்டும்; அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

கலோலோ பின்னாளில் நாட்டையே ஆண்டவர். பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றிப் பாடம் உண்டு. அதில் பெனிதோவாவும் ஓர் ஓரமாக வருவார்: தம்பியிடம் ஒரு தலைவனை இளமையிலேயே கண்டு, தனக்கு வந்த பட்டத்தை மனமுவந்து விட்டுக்கொடுத்த உத்தமர் என்று. அதைத்தான் பெனிதோவாவால் விழுங்க முடியவில்லை. சாவதற்குள் ஊர் நடுவே நின்று அதைப் பொய்யென்று சொல்லிவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

நடந்தது இதுதான். குடும்பத் தலைவர் பட்டம் வைத்திருந்த பெரியவர், இருவருக்கும் பெரியப்பா, கண்ணை மூடினார். அந்தப் பட்டம் இருந்தால்தான் தேர்தலில் நிற்க முடியும். கலோலோ அப்போதுதான் நியூசிலாந்தில் இறைச்சித் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, தோல் செருப்பும் கைக்கடிகாரமுமாகத் திரும்பியிருந்தான். பெனிதோவாவோ பெரியவருக்கு ஊழியம் செய்தே வளர்ந்தவன். கல்லடுப்பு மூட்டுவான், சேப்பங்கிழங்கு தோண்டுவான், கடலுக்குப் போவான், பெரியவர் கை கழுவிய பிறகே சாப்பிட உட்காருவான். பட்டம் அவனுக்குத்தான் என்று வீட்டுக் கோழிக்குக்கூடத் தெரியும்.

குடும்பம் பாய் விரித்துக் கூடியது. "எங்கண்ணன் பட்டம் பெனிதோவாவுக்கு. அவன் முதுகு வளைஞ்சதை நான் பாத்திருக்கேன்" என்றாள் அத்தை.

இந்த இடத்தில் ஒரு மரியாதை உண்டு. உடனே சரி என்று சொல்லிவிட்டால், அலைகிறான் என்பார்கள். எனக்கு வேண்டாம், அவனுக்குக் கொடுங்கள் என்று அடுத்தவனைக் காட்ட வேண்டும். அவன், ஐயையோ நான் எங்கே அண்ணன் எங்கே என்று திருப்பித் தர வேண்டும். பட்டம் இப்படி அங்கும் இங்கும் போய்வந்து, களைத்துப் போய், உரியவன் மடியில் உட்காரும்.

சேம்புத் தோட்டத்தில் தனியாகச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்ததைப் பெனிதோவா தலை குனிந்து சொன்னான்: "அத்தை, எனக்கு என்ன தெரியும்? மண்ணக் கிண்டுறவன். தம்பி உலகம் சுத்தினவன். அவன்தான் பொருத்தம்."

அழகாகத்தான் சொன்னான். ஒரு சித்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் கலோலோவைப் பார்த்தார்கள்.

"அண்ணன் சொன்னா மறுபேச்சு ஏது?" என்றான் கலோலோ. "ஏத்துக்கிறேன்."

அத்தை வாயைத் திறந்தாள், மூடினாள். சபையில் விட்ட வார்த்தையை எங்கள் பக்கம் திருப்பி எடுக்க முடியாது. பட்டம் ஏற்பவன் குடிக்கும் கவாச் சாற்றுக் கிண்ணம் கலோலோவின் கைக்குப் போயிற்று. விருந்துக்குப் பன்றி அறுக்கப் பெனிதோவா எழுந்து போனான்.

"நல்லாப் பேசினீங்க. இன்னும் ரெண்டு வார்த்த பேசியிருந்தா என்னையும் சேத்துக் குடுத்திருப்பீங்க" என்றாள் அவன் பெண்டாட்டி சிபோரா.

பட்டத்தோடு கலோலோ நாடாளுமன்றம் போனான், மந்திரியானான், கடைசியில் பிரதமர். பெனிதோவா சேம்பு நட்டார், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தார், பேரன் பேத்தி எடுத்தார். ஊரில் யார் வண்டி சாலைக் குழியில் இறங்கினாலும் அவர் பெயர் அடிபடும்.

"நம்ம பெனிதோவா பிரதமரா இருந்திருந்தா இந்தக் குழி இருந்திருக்குமா?"

"குழி இருந்திருக்கும்டா. உள்ள சேம்பு நட்டிருப்பாரு!"

சிரிப்பதில் முதல் ஆள் பெனிதோவாதான். வீட்டுக்கு வந்தால் சிபோராவிடம் பேச மாட்டார்.

பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூடம் கட்டி, திறந்துவைக்கக் கலோலோ வந்தார். இருவருக்கும் தலை வெளுத்திருந்தது. ஊர்ப் பெரியவராக இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று தலைமை ஆசிரியர் பெனிதோவாவை அழைத்தார். இதற்குத்தானே காத்திருந்தார்! கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"பிள்ளைங்களா, அந்தப் பாடம் பொய். நான் எந்தத் தலைவனையும் கண்டுபிடிக்கல. உபசாரத்துக்குச் சொன்னேன், இவன் திருப்பிக் குடுப்பான்னு. எனக்கு அந்தப் பட்டம் வேணும்னுதான் இருந்துச்சு. இப்பவும் வேணும்!"

தலைமை ஆசிரியர் மூக்கை உறிஞ்சினார். "பாத்தீங்களா? இந்த வயசுலயும் தன் பெருமைய ஒத்துக்க மாட்டேங்கிறாரு! பிள்ளைங்களா, இதுக்குப் பேருதான் பணிவு."

கூரை அதிரக் கைதட்டினார்கள். பாதிரியார் எழுந்து நின்றே தட்டினார். சிபோரா மட்டும் விசிறி மறைப்பில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பெனிதோவா பொத்தென்று உட்கார்ந்தார். கலோலோ அவர் காதருகே சாய்ந்தார்.

"அண்ணே, நீங்க உபசாரத்துக்குத்தான் சொன்னீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமாடா வாங்கிக்கிட்ட?"

"திருப்பிக் குடுத்திருந்தா, நீங்க வாங்கிக்கிட்டிருப்பீங்களே!"