ஒற்றைக் காது மலை

யாசுயோ எங்கள் ஊரில் சலவைக்கடை வைத்திருப்பவள். இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நின்றபடியே மூன்று வரிப் பாட்டு எழுதுவாள். எதைப் பற்றி என்று கேட்கவே வேண்டாம், உசாகி மலைதான். கடையின் பின் ஜன்னலைத் திறந்தால் இரண்டு சிகரமும் முயல் காது மாதிரி நிற்கும். காலையில் மலை, மழையில் மலை, சட்டைக் காலருக்கு மேலே மலை! நான் அரிசிக்கடைக்காரன், பிறந்ததிலிருந்து அதைப் பார்க்கிறேன். என்னிடம் அது ஒரு வார்த்தை பேசியதில்லை.

யாராவது பரிதாபப்பட்டால் அவளுக்கு ஆகாது. புருஷன் போன மறு வாரமே கடையைத் திறந்து, ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம், "சட்டை இருந்தா குடுத்துட்டுப் போங்க" என்றவள்.

மாதக் கடைசி ஞாயிறு, ஊர்ப் பொதுக் கட்டடத்து மாடியில் எங்கள் பாட்டுக் கூட்டம். சீட்டில் பேர் போடாமல் எழுதித் தர வேண்டும். அதைக் கலைத்து, ஆளுக்குக் கொஞ்சமாகப் படியெடுப்போம். கையெழுத்தை வைத்து எவரையும் கண்டுபிடிக்க முடியாது. பிறகு ஓட்டு. அதிக ஓட்டு வாங்கியதை நான் உரக்க வாசிப்பேன், எழுதியவர் தன் பேரைச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் யாசுயோ ஒரு தடவைகூட அப்படிப் பேர் சொன்னதில்லை.

முடி திருத்தும் கிசாபுரோ அவளை விடவே மாட்டார். "யாசுயோ சான், இந்த மாசமும் மலையா? அதுக்கே சலிச்சுப் போயி நகர்ந்து உக்காந்துரப் போகுது."

"முதல்ல உங்க கத்திரி ஓயட்டும், அப்புறம் நான் ஓயறேன்," என்பாள். ஆனால் உள்ளுக்குள் வலிக்கும். ஒரே ஒரு தடவையாவது பேர் சொல்லிவிட வேண்டும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

போன நவம்பரில் ஒரு பாட்டு மற்றதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. வாசித்தேன்.

முதல் வெண்பனி.
ஒற்றைக் காதோடு மலை.
என் பேரைக் கூப்பிடுகிறார்கள்.

சீட்டைக் கீழே வைத்தேன்.

"நம்ம மலைக்கு ரெண்டு காதாச்சே?" என்றார் ஒருவர்.

"சுரங்கப் பாதைக்கு அந்தாண்ட போனா ஒண்ணை ஒண்ணு மறைச்சுக்கும்," என்றார் பக்கத்தில் இருந்தவர். "ஆனா அங்க என்ன இருக்கு, நுரையீரல் ஆஸ்பத்திரியைத் தவிர?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பாட்டில் நோயைப் பற்றி ஒரு சொல் இல்லை. மலையே காட்டிக்கொடுத்துவிட்டது. எங்களில் யாரோ அங்கே போய் வருகிறார்கள்.

யாசுயோ தேநீர்க் கோப்பைக்குள் பார்வையை வைத்திருந்தாள். திங்கட்கிழமையானால் கஞ்சிப் பசை வாங்கப் போகிறேன் என்று கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறுகிறவள். அந்த பஸ் சுரங்கப் பாதை வழியாகத்தான் போகும்.

"கிசாபுரோ," என்று ஒரு குரல். முடி திருத்துகிறவர்தான் தன் பேரைச் சொன்னார்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. அவர் மனைவி அந்த ஆஸ்பத்திரியில்தான் கண்ணை மூடினாள். பழைய துக்கம் பாட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். "என்னமா எழுதிட்டீங்க!" "இத்தனை நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" கிசாபுரோ தலையைத் தொங்கப் போட்டுப் பாராட்டை வாங்கிக்கொண்டார். கண் மட்டும் யாசுயோவை விட்டு நகரவில்லை. அந்த ஆஸ்பத்திரி ஜன்னலோரம் உட்கார்ந்து அதே மலையைப் பார்த்த மனுஷன், அது யார் பாட்டு என்று அவருக்குத் தெரியாதா? பேசாமல் இருந்துவிடு என்று கெஞ்சுகிற கண்.

யாசுயோ கோப்பையை ணங்கென்று வைத்தாள்.

"அது என் பாட்டு!"

"யாசுயோ சான், விடுங்க..."

"என்னத்த விடறது? எப்பக் கூப்பிடுவாங்களோன்னு அங்க நடுங்கிக்கிட்டு உக்காந்து எழுதுனது! நோயை வேணா எடுத்துக்கோங்க கிசாபுரோ சான். பாட்டைத் தர மாட்டேன்!"

பிறகு மண்டியிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, முறைப்படி, "யாசுயோ," என்றாள்.

கிசாபுரோ பாயில் நெற்றி படக் குனிந்து எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "இன்னொரு வாட்டி வாசிங்க. நான் இன்னும் கேக்கவே இல்ல. இப்ப என் பாட்டா வாசிங்க."

வாசித்தேன்.