அக்கா அடித்த ஓரம்

எங்கள் வீட்டுச் சோற்றில் எப்போதும் நூல் கிடக்கும். ஒரு நாள் சிவப்பு, மறுநாள் மயில்கழுத்துப் பச்சை, கல்யாண மாதமென்றால் ஜரிகை இழையும் சேர்ந்து கிடக்கும். வாயில் போட்ட பிறகுதான் நாக்கில் தட்டுப்படும், விரலை விட்டு இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி சாப்பிடுவோம். என் பாவாடையில் ஒட்டியிருக்கிற நூலைப் பார்த்தே பள்ளிக்கூடத்தில் ‘ஜிக்ஜாக் வீட்டுப் புள்ள’ என்று சொல்லிவிடுவார்கள். ஆவூருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரில் தையல் மிஷின் வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர் உண்டு, ஆனால் அவையெல்லாம் நேராக மட்டும் தைக்கிறவை. சேலையின் முனையில் நூல் பிரிந்து வராமல், ஊசி இடமும் வலமுமாக ஆடி ஆடி ‘ஓரம் அடிக்கிற’ மிஷின் அம்மாவிடம் மட்டும்தான் இருந்தது. பம்புசெட்டு பழுது பார்க்கிற அப்பா எங்கிருந்தோ ஒரு பழைய மிஷினைக் கொண்டுவந்து மோட்டார் மாட்டிக் கொடுத்திருந்தார். அது ஓடும்போது அடுப்படியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கும்.

பார்க்கிறவர்களுக்கு அது லேசான வேலையாகத்தான் தெரியும். ஊசியின் ஒரு குத்து துணியின் மேலும், அடுத்த குத்து துணிக்கு வெளியே வெறும் காற்றிலும் விழ வேண்டும். அப்போதுதான் நூல் ஓரத்தை வளைத்துப் பிடிக்கும். கொஞ்சம் உள்ளே தள்ளி விழுந்தால் பிசிறு அப்படியே நிற்கும், துணியைக் கையால் இழுத்துவிட்டால் பட்டு சுருங்கி அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். நெளிந்ததை அம்மா ஒருபோதும் கொடுத்தனுப்பியதில்லை. “பிசிறோட ஒரு சேல நம்ம வாசப்படி தாண்டக் கூடாது” என்பார். அந்த விஷயத்தில் அவர் பொல்லாதவர். கோணலாக நூல் கோத்ததற்கெல்லாம் நாங்கள் திட்டு வாங்கியிருக்கிறோம், தலையில் குட்டும் வாங்கியிருக்கிறோம்.

தவக்காலத்தில் எங்கள் கோயில்களில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணங்கள் வரிசை கட்டி வரும் என்பதால், அதற்கு வேண்டிய சேலைகள் எல்லாம் அந்த ‘தபசு காலத்தில்’தான் எங்கள் வீட்டில் வந்து குவியும். மற்றவர்கள் கறி மீனை விட்டு ஒருசந்தி இருப்பார்கள், அம்மா தூக்கத்தை விட்டு இருப்பார். நான் ஆறாவது படித்த வருஷத்துத் தபசு காலத்தில்தான் அம்மாவின் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. திருச்சியில் பார்த்த டாக்டர் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், நாள் கடத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலை மாற்றிக்கொண்டு மிஷினில் போய் உட்கார்ந்தார்.

“சேலையா உசுரா, நீயே சொல்லு” என்றார் அப்பா.

“வாங்கி வச்சதை எல்லாம் இப்ப எங்கிட்டுக் கொண்டுபோய்க் குடுக்கிறது? கல்யாணச் சேலைங்க. ஈஸ்டர் கழியட்டும், வாரேன்.”

வந்துபோன பெண்களுக்கும் விஷயம் தெரியும். “ஒடம்பப் பாத்துக்கங்கக்கா” என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில், “பொண்ணுக்கு உள்ள சேலைய மட்டும் நீங்க அடிச்சுக் குடுத்துருங்க, ஒங்க கை பட்டாத்தான் எங்களுக்குத் திருப்தி” என்பார்கள். நல்லவர்கள்தான். ஆனாலும் அவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த அக்கா ரீட்டா ஒரு முடிவுக்கு வந்தாள். தான் ஓரம் அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டால் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார் என்று அவள் நம்பினாள், நானும் நம்பினேன். அம்மா படுத்த நேரம் பார்த்து அப்பாவின் கிழிந்த வேட்டியை வைத்து அடித்து அடித்துப் பார்த்தாள். வேட்டியில் சரியாக வந்தது. பட்டில் வைத்தபோது பயத்தில் கை இறுகி, ஓரம் முழுக்கச் சுருங்கியது. அம்மா அதைப் பிரித்து, மறுபடி தானே அடித்தார். அக்கா விடவில்லை, “நான் அடிக்கிறேன்மா, நீ போம்மா” என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள். “ஒனக்குக் கை இன்னும் வரலத்தா” என்பதுதான் அம்மாவின் பதில். நான் ஜெபமாலை சொல்லும்போது அக்காவுக்குக் கை வர வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன், அம்மா பிழைக்க வேண்டும் என்று தனியாகக் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

ஈஸ்டர் கழிந்து அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனார். வயிற்றைத் திறந்து பார்ப்பது மாதிரி ஏதேதோ படமெடுத்துப் பார்த்துவிட்டு, ஈரல் வரைக்கும் பரவிவிட்டது என்றார்கள். ஆடி மாதம் அம்மா இறந்துபோனார்.

அம்மாவின் மேல் போர்த்த, பிறந்த வீட்டுக் கோடியாக, அவர் கூடப்பிறந்த குளத்தூர் மாமா ஒரு அரக்குப் பட்டு கொண்டுவந்தார். கோடிச் சேலை கடையில் வெட்டிக் கொடுத்தது கொடுத்தபடிதான் இருக்க வேண்டும், அதில் தண்ணீரோ ஊசியோ படக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமா அட்டைப் பெட்டியிலிருந்து அதை எடுத்து விரிக்கப் போனபோது, முனையில் பிசிறு தொங்கிக்கொண்டிருந்தது. அதுவரை அழாமல் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து, மாமாவின் கையிலிருந்து சேலையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள்.

அத்தை ஓடிவந்து, “அடி ரீட்டா, கோடியில ஊசி படலாமாடி? என்ன காரியம் பண்ற?” என்று கையைப் பிடித்தாள். மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அப்பாதான் கதவோரம் நின்றுகொண்டு, “விடு மச்சான், அடிக்கட்டும்” என்றார்.

இரண்டு முனையும் அடித்து, நூலைக் கத்தரித்து, மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மாவின் மேல் போர்த்தும்போது பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு இடத்தில்கூட நெளிவு இல்லை. அம்மா அடித்தது மாதிரியே ஓரம் படிந்திருந்தது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இந்தக் கை பங்குனியில், அந்தத் தபசு காலத்திலேயே வந்திருக்கக் கூடாதா?

அதன் பிறகு அக்கா அந்த மிஷினில் உட்காரவே இல்லை. மோட்டாரை அப்பா கழற்றி எடுத்துக்கொண்டார், மிச்சம் பழைய இரும்புக்குப் போனது. இப்போது கடைகளிலேயே ஓரம் அடித்து, பால்ஸ் வைத்து, நாம் காபி குடித்துவிட்டு வருவதற்குள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அப்பாவும் இல்லை. அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், ஈஸ்டருக்கு மட்டும் வருவாள். இந்த வருஷம் வந்தபோது, கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில், அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தாய் என்று அவளிடம் கேட்டேன். அம்மாவின் மீதிருந்த பாசம், கோபம், வீம்பு என்று இத்தனை வருஷமும் நான் என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன்.

“பிசிறோட கிடந்துச்சுல்ல” என்றாள். “அம்மா பாத்தா திட்டும்னு பயந்துட்டேன்டி.”

எங்களைத் திட்டுவதற்கு அம்மாவுக்குப் பிறகு யாரும் இருந்ததில்லை.