ஒரு கப் ஆப்பிள் எத்தனை கிராம்

தம்பி கப்பலுக்குச் சமையல்காரனாகப் புறப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வாடகைக் கார் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது: அக்கா எழுதிக் கொடுத்த பழக் கேக் குறிப்பு முழுக்கக் கப் கணக்கில் இருந்தது. கப்பல் சமையலறையில் எல்லாமே எடைதான் என்று சொல்லியிருந்தார்கள்.

அக்கா உலர்பழக் கடையில் பதினாறு வருடமாகப் பொட்டலம் போடுகிறவள். கடையில் அவளுக்குத் 'தராசு' என்றே பெயர். அவள் கையால் அள்ளினால் கால் கிலோவுக்கு ஒரு திராட்சை கூடாது, குறையாது. அப்படிப்பட்டவள் அன்றைய அவசரத்தில் ஒரு கப் உலர்திராட்சையை மட்டும் நிறுத்துப் பார்த்தாள். நூற்றைம்பது கிராம்.

"எல்லாப் பழத்துக்கும் கப்புக்கு நூத்தம்பதுன்னு எழுதிக்கடா, கார்க்காரன் கத்துறான்" என்றாள். அவனும் எழுதிக்கொண்டு ஓடினான்.

மறுநாள் கடையில் காய்ந்த ஆப்பிள் வளையங்களைப் பாக்கெட்டில் அடைத்துக்கொண்டிருந்தபோது அவள் கை அப்படியே நின்றது. நூறு கிராமே தலையணை மாதிரி உப்பிக்கொண்டு கிடந்தது. ஒரு கப் எடுத்துத் தராசில் கொட்டினாள். எண்பத்தைந்து. திராட்சை கப்புக்குள் நெருக்கி உட்காரும். ஆப்பிளோ பாதி இடத்தைக் காற்றுக்கு விட்டுவிடும். இது அவளுக்குத் தெரியாத சங்கதியா? குறிப்பில் இரண்டு கப் ஆப்பிள். நூற்றெழுபது கிராம் போட வேண்டிய இடத்தில் தம்பி முந்நூறு போடுவான். அது மாவிலுள்ள ஈரத்தையெல்லாம் குடித்துத் தீர்த்துவிடும்.

ஏற்கெனவே இரண்டு ஓட்டல்களில் நிலைக்காமல் வெளியே வந்தவன். இந்தக் கப்பலிலும் ஒரு பயணம் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் இறக்கிவிடுவதாகத்தான் பேச்சு. முதல் ஞாயிறே கேக் செய்து கேப்டனை மடக்கிவிடப்போவதாக வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

போன் போகவில்லை. 'ஆப்பிள் மட்டும் எண்பத்தஞ்சு' என்று அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு நின்றது. தினமும் ஒன்று அனுப்பினாள்.

ஞாயிறன்று மனசு கேட்காமல் அந்தத் தப்பான அளவிலேயே ஒரு கேக் செய்து பார்த்தாள். கத்தி இறங்க மறுத்தது. வீட்டுக்காரர் ஒரு துண்டைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"கவலைய விடு. நங்கூரம் அறுந்துபோனா உன் தம்பியத்தான் கூப்பிடுவாங்க."

அவள் சிரிக்கவில்லை. கடையில் ஒவ்வொரு பொட்டலத்தையும் இரண்டு தடவை நிறுக்க ஆரம்பித்தாள். உடம்புக்கு என்னவென்று முதலாளியே விசாரித்தார்.

நாற்பத்து மூன்றாம் நாள் மதியம் போன் அதிர்ந்தது. வாங்க வந்தவர்களை நிற்கவைத்துவிட்டுப் படித்தாள்.

"அக்கா, இப்பதான் கரைக்கு வந்தோம். உன் மெசேஜெல்லாம் மொத்தமா வந்து குதிக்குது. கேக்கு செங்கல்லாத்தான் வந்துச்சு. தூக்கிப்போட மனசு வரல. உதிர்த்துப் பால்ல ஊறவெச்சு, முட்டை அடிச்சு ஊத்தி, ஆவியில வேகவெச்சு, புட்டிங்னு சொல்லிட்டேன். கேப்டன் மூணு தடவ வாங்கினாரு. வேலை நிரந்தரமாயிடுச்சு. வாராவாரம் அதையேதான் கேக்குறாங்க, அதனால ஆப்பிள் முந்நூறுதான். நீ பாட்டுக்குத் திருத்திட்டு இருக்காத."