மழையில் போட்ட கட்டில்

போன வாரம் ஒரு ராத்திரி நம் ஊரில் நிலம் ஆடியது. ஆடியதாம்! எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் தூங்கிக்கொண்டிருந்தேனே.

எங்கள் தெரு மில்லின் பின்சுவரை ஒட்டிய தெரு. யுத்தம் வந்ததிலிருந்து மில் ராத்திரியும் ஓடுகிறது. பரணில் பித்தளைச் சாமான் கிணுகிணுக்கும், பாய்க்கடியில் தரை உறுமும்... விடிய விடிய இதே கதைதான். குடிவந்த புதிதில் ஒரு மாதம் தூக்கமில்லை. இப்போதோ ஆட்டம் இருந்தால்தான் கண்ணே அசருகிறது. அப்பேர்ப்பட்டவர்களுக்குப் போய் பூமாதேவி கொஞ்சம் தோளைக் குலுக்கினால் உறைக்குமா?

தெருவில் பாதிப் பேர் விழித்தது உண்மை. எப்போது? ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு! நிலம் ஆடியதும் மில்லை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சத்தம் நின்றதும்தான் என் மனைவிக்கு முழிப்பு வந்தது. "இங்கன பாருங்க, மில்லு நின்னு போச்சு, எந்திரிங்க" என்று உலுக்கியிருக்கிறாள். நான் புரண்டு படுத்தேனாம். பகல் முழுக்கக் கப்பல் ஆபீசில் குனிந்து பில் எழுதுகிறவன் வேறு என்ன செய்வான்?

மறுநாள் ஆபீஸ். அடேயப்பா! தூங்கினேன் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. ஹெட் கிளார்க்கின் கட்டில் மேற்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவருக்கு நடந்தே போயிற்றாம். டைப்பிஸ்ட் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மேலே வந்து எட்டிப் பார்த்ததாம். "என்னவே, உமக்கு ஆடலையா?" என்று என்னைக் கேட்டார்கள். மானம் போகிற விஷயமல்லவா? "ஆடாமலா? எங்க வீட்டுச் சாமி படமே விழுந்துட்டுல்லா" என்றேன். எங்கள் வீட்டுச் சாமி படம் ஆணியில் தொங்கவே இல்லை. மாடத்தில் சாத்தி வைத்திருக்கிறோம்.

சாயங்காலம் களைத்துப்போய் வந்தால், வாசலில் அடுத்த வீட்டுச் சண்முகக்கனி நிற்கிறாள். புருஷன் கொழும்புத் தோணியில் போயிருக்கிறான். காற்று வாய்த்தால்தான் திரும்புவான். இவள் நாலு வீட்டுக்கு நெல் குத்திக் கொடுத்து, இரண்டு பிள்ளைகளோடு காலம் தள்ளுகிறாள். நிலம் ஆடியதில் அவள் வீட்டுப் பின்சுவர் மேலிருந்து கீழ்வரை விரிந்துவிட்டது. கை நுழையும்.

எங்கள் வரிசையில் ஏழு வீடு. ஏழும் கருப்பட்டிக் கடை அண்ணாச்சிக்குச் சொந்தம். அவர் வந்து சுவரைப் பார்த்திருக்கிறார். "நெலமாவது நடுங்குததாவது! நான் ராத்திரி பூரா அசந்து தூங்குனேன். ஏளா, நீ உரலப் போட்டு இடிச்சு இடிச்சுல்லா என் சுவத்தப் பொளந்துட்ட! ஒண்ணாம் தேதிக்குள்ள காலி பண்ணிரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அண்ணே, நீங்க பத்திரிகையில எழுதுதவுக. நெலம் ஆடிச்சுன்னு ஒரு வார்த்த நீங்க சொன்னா அண்ணாச்சி கேப்பாக. இந்த மழையில பிள்ளையளக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்? அவுக வந்து எறங்குனா எந்த வீட்டுல வந்து தேடுவாக?" என்று சண்முகக்கனி கேட்டாள்.

நான் சொன்ன பதில் என்ன தெரியுமா?

"நான் தூங்கிட்டேனே தாயி. தெரியாதத எப்படித் தெரியும்னு சொல்ல?"

சத்தியசந்தன்! அண்ணாச்சி முகம் கோணினால் நாளைக்கு என்னையும் காலி பண்ணச் சொல்வாரே என்ற பயம் உள்ளே. அவள் மற்ற ஐந்து வீட்டுக்கும் போனாள். "மில்லு நின்னுது, அதான் முழிச்சோம்" என்பதற்கு மேல் அங்கேயும் யாரும் வாய் திறக்கவில்லை.

நாலு நாள் கழித்து என் மனைவி ரேஷன் கடை கியூவில் டைப்பிஸ்ட் சம்சாரத்தைப் பார்த்திருக்கிறாள். சோறு போடும்போது கேட்டாள்: "நம்ம வீட்டுல சாமி படம் விழுந்துட்டாம்லா? ஆபீசுல ஆடுன நெலம் வீட்டுக்கு வந்ததும் ஆடலியோ?"

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

மறுநாள் விடிந்ததும் சண்முகக்கனியைக் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குக் கிளம்பினேன். உடம்பெல்லாம் அலுப்பு, மனசெல்லாம் எரிச்சல். ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்துவிட்டு ஆபீசுக்கு ஓட வேண்டும். தூறல் வேறு விட்டபாடில்லை.

அண்ணாச்சியின் மாடி வீட்டு வாசலில், தெருவைப் பார்க்க ஒரு நார்க்கட்டில். கட்டில் காலோடு சேர்த்துக் கட்டிய ஒரு குடை. அதற்கடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, பாதி நனைந்து... அண்ணாச்சி!

நான் ஒத்திகை பார்த்து வந்த பொய் மறந்தே போயிற்று. சண்முகக்கனிதான் கேட்டாள். "என்ன அண்ணாச்சி, மழையில கட்டிலப் போட்டிருக்கிய?"

"உள்ள ஒரே புழுக்கம்."

கார்த்திகை மாசத்தில் புழுக்கம்!

பின்னாலேயே அவர் மனைவி வந்துவிட்டாள். "புழுக்கமாம்லா, புழுக்கம்! அன்னைக்கி நெலம் ஆடுனப்போ என்னைய உள்ள போட்டுட்டுத் தெருவுக்கு ஓடுன மனுசன் இவுக. எழுப்பணும்னுகூடத் தோணல. அன்னையிலேருந்து ராத்திரி வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேங்காக. நான் மட்டும் உள்ள படுத்துக் கெடக்கேன். என் தலையில மாடி விழுந்தா இவுகளுக்கு என்ன?" என்றாள். சொல்லச் சொல்ல அழுதுவிட்டாள்.

அண்ணாச்சி குடையை அவிழ்த்து மடக்கினார். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "ஏளா, கொத்தனார அனுப்புதேன், போ" என்றார்.

கொத்தனாரும் வந்தார், விரிசலும் அடைபட்டது. நேற்று சண்முகக்கனி ஒரு படி கைக்குத்தல் அரிசியோடு வந்தாள். "நீங்க கூட வந்து நின்னதாலதான் அண்ணே" என்றாள். வேண்டாம் என்றேன். வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நிலம் ஆடியது எனக்குத் தெரிந்தது என்று நான் ஆபீசில் சொன்னது பொய். தூங்கிவிட்டேன் என்று அவளிடம் சொன்னது மெய். எனக்கு வெட்கமாக இருப்பது அந்த மெய்யை நினைத்துத்தான்.