நாகம்மாள் எழுதச் சொன்ன கடிதங்கள்

12-6-1939: கார்டு, முக்காலணா.
3-7-1939: கார்டு, முக்காலணா.
24-7-1939: உறை, ஒன்றேகாலணா.

இவை பருத்திப்பட்டு நாகம்மாளுக்காக ஒரு வாரப் பத்திரிகைக்கு நான் எழுதிப் போட்டவை. அதில் வந்த தொடர்கதையை வாராவாரம் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். கதாநாயகன் பிழைப்புக்காக ரங்கூன் போனவன். அவள் கணவன் உலகநாதனும் அங்கே போனவன்தான். நான்கு வருடமாகக் கடிதம் இல்லை. கதையில் அவன் வீடு திரும்பினால் இவனும் திரும்புவான் என்று அவள் நம்பியிருந்தாள்.

கடைசி அத்தியாயத்தில் அவன் வந்த கப்பல் மூழ்கியது. நாகம்மாள் விம்மி அழுதாள்.

“கதைக்குப் போயி இன்னாத்துக்குடி அழுவுற?” என்று பக்கத்து வீட்டு எல்லம்மா சிரித்தாள்.

“உனுக்கின்னா, உன் ஊட்டுக்காரன் ஊட்டோட கீறான்” என்ற நாகம்மாள் என் பக்கம் திரும்பினாள். “நைனா, அவரக் கரையேத்திடச் சொல்லி எழுது. எழுதுறவருக்கு ஒரு வரிதானே?”

மூன்று முறையும் அதையேதான் எழுதினேன். கதை புத்தகமாக அச்சேறிவிட்டது, முடிவை மாற்ற இயலாது என்று கடைசியில் ஆசிரியர் பதில் போட்டார். அதை நான் படித்து முடித்ததும் அவள் புறங்கையால் நெற்றிப் பொட்டை அழித்தாள். உலகநாதன் இறந்ததாக யாரும் சொல்லவில்லையே என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், அவள் கேட்கவில்லை. அந்தக் கடிதம் வந்தது 9-8-1939.