பட்டியலில் இல்லாத பெயர்

ஏரிக்கரை ஊரான தோணிரேவின் மீன்காரி அம்பிகாவுக்கு நாற்பத்தேழு வயது. இருபது வருடமாகக் காலை ஏழு மணி ஷேர் ஆட்டோவில் கூடையோடு திருப்பாலைவனம் போய், பதினொரு மணிக்குள் விற்றுவிட்டுத் திரும்புகிறாள். பேரத்தில் யாரும் அவளை ஜெயித்ததில்லை. கெட்டிக்காரி என்பார்கள், நல்லவள் என்று யாரும் அவசரப்பட்டுச் சொன்னதில்லை.

போன மாசியில் அவள் மகன் அஜித்குமார், முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து காணாமல் போனான். இருபத்துநான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. மூன்று நாள் ஊரே தேடியது. நான்காம் நாள் உச்சி வெயிலில், ஏரிக்கு நடுவே நீர் வற்றிய ஒரு திட்டில், அம்பிகா தனியாக அவனைக் கண்டாள். கண்களை நண்டு தின்றிருந்தது. முழங்கையில் பழைய தழும்பு இருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஏரியில் நல்ல மீன் படும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. அதனால் வீட்டுக்கு ஒரு பெயர் என்று பட்டியல் எழுதி, நாளைப் பிரித்துக்கொள்வார்கள். பாடு என்று அதற்குப் பெயர். தன் முறையை நீருக்கே விட்டுக்கொடுப்பவன், நீர் எடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. முறையை விட்டவனுக்கு அதற்கப்புறம் உயிர் வாழவும் நாள் கிடையாது. அதனால் யாரும் கேட்டதில்லை.

அம்பிகா கேட்டாள். முழங்கால் ஆழத்தில் இறங்கி நின்று, “என் முறையை நீ எடுத்துக்கோ. எம் புள்ளைய குடு” என்றாள். தன் உயிரைக் கொடுப்பதாகத்தான் நினைத்தாள். அதில் அவளுக்குத் தயக்கம் இருக்கவில்லை. அந்த ஒன்றை மட்டும் அவளுக்குப் பெருமையாகச் சொல்லலாம்.

உடல் அசையவில்லை. ஆள் கூட்டிவரக் கரைக்குப் போனாள். வீட்டு வாசலில் அஜித் உட்கார்ந்திருந்தான். கண்கள் இருந்தன.

திட்டில் பார்த்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆந்திரா பக்கம் ஒதுங்கிப் பிழைத்து வந்தான் என்று ஊர் தானே முடிவு செய்து, கங்கையம்மனுக்குப் பொங்கல் வைத்தது. அவள் கணவன் கோதண்டம் மகனைக் கட்டிக்கொண்டு அழுதான். பிறகு சட்டை ஏன் இப்படி நனைந்திருக்கிறது என்று தன் மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

அஜித் நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்கும். அவன் படுத்த பாய் காலையில் சொட்டும்; வெயிலில் காய்ந்தால் உப்புப் பூத்திருக்கும். வீட்டு நாய் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது.

“இன்னா அம்பிகா, உம் புள்ள புது மாப்ள மாதிரி வாயே தொறக்க மாட்றான்?” என்றாள், அவளோடு கூடை தூக்கும் கலைவாணி. “அந்தாண்ட எவளையாவது பாத்துட்டு வந்துட்டானா?”

“நீதான் போய் வெசாரிச்சுட்டு வாயேன்.”

ஒவ்வொரு நாளும் அம்பிகா தன் சாவுக்காகக் காத்திருந்தாள். சாவு வரவில்லை. கோதண்டத்துக்கு இருமல் வந்தது. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். மறுபடி கோத்தது. மூன்றாம் முறை எடுத்தபோது, அந்த நீர் வடியக் கட்டிலுக்குக் கீழே தொங்கிய பாட்டிலையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாமே அப்டி பாக்கற? மீனு எதுனா கீதா உள்ள?” என்றான் கோதண்டம்.

“சும்மா கெடய்யா.”

“வெள்ளிக்கெழம நம்ம முறை. எந் தம்பி கோபாலை வலை கட்டச் சொல்லு.”

“நான் போறேன்.”

அவன் சிரித்தான், சிரிப்பு இருமலாகி ஓயச் சற்று நேரமாயிற்று. “நீ எப்டி போவ? லிஸ்ட்டுல உம் பேரா கீது? எம் பேருதான் கீது. நம்ம வூட்டு முறைன்னா அது நான்தான்மே.”

அவள் குனிந்து பாட்டிலை முகர்ந்தாள். அந்தத் திட்டின் சேற்று நாற்றம் அடித்தது. அவளுக்கு முறை என்று ஒன்று இருந்ததே இல்லை. இல்லாததை அவள் கொடுத்திருந்தாள். இருந்ததை, கோதண்டத்தை, நீர் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு வாரம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் அன்று சொன்னார்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலில் புதுப் பட்டியல் எழுத ஆண்கள் கூடியிருந்தார்கள். அம்பிகா நேரே உள்ளே போனாள்.

“தலைவரே, எங்க வூட்டுப் பேரை மாத்தணும். அம்பிகான்னு எழுதுங்க.”

கூட்டம் சிரித்தது. “இன்னா அண்ணி, வலை கட்டக் கழி ஊணுவியா நீ?” என்றான் கோபால்.

“ஊணுவேன்.”

“பொம்பள பேரு இதுல ஏறுனதே இல்ல, தங்கச்சி” என்றார் ஊர்த் தலைவர் அர்ஜுனன்.

“ஒரே ஒரு நாளைக்கு எழுதுங்கண்ணா. அப்பால அடிச்சுடுங்க.” அவள் அவர் காலைத் தொடப் போனாள். அவர் பதறி நகர்ந்தார்.

அர்ஜுனன் கெட்டவர் இல்லை. யோசித்து, தம்மால் முடிந்த உதவியைச் செய்தார். “கோதண்டத்துக்கு முடியலன்னா இன்னா, புள்ள கீறானே? கல்யாணம் ஆவலன்னாலும் பரவால்ல, நாங்க ஒத்துக்கறோம். அஜித்து பேருக்கு மாத்திடலாம். நீ இன்னா சொல்ற?”

பேனா நோட்டின் மேல் நின்றது. கோதண்டம் என்ற பெயர் இருக்கும்வரை நீர் அவனைத்தான் எடுக்கும். பெயர் மாறினால் அஜித்தை எடுக்கும். வெளியே தூண் ஓரம், வெயிலில், லுங்கி நுனி சொட்ட அஜித் நின்றிருந்தான். அது தன் மகன்தானா என்ற கேள்வியை இத்தனை நாள் அவள் தள்ளிவைத்திருந்தாள். இப்போது அதற்குப் பதில் கிடைத்தும் பயனில்லை. மகன் இல்லை என்றாலும், போ என்று சொல்லும் வாய் தாயின் வாய்தான்.

“எழுதிக்கோங்க” என்றாள்.

“வூட்டு ஆளு பேரைச் சொன்னாதான் எழுதறது வழக்கம்.”

“அஜித்குமாரு” என்றாள் அம்பிகா. “கோதண்டம் மவன் அஜித்குமாரு.”

அந்த வெள்ளிக்கிழமை காலை வலையை அவளே கரைக்குத் தூக்கிவந்து படகில் வைத்தாள். அஜித் ஏறிக்கொண்டான். கோபால் கழியால் படகைத் தள்ளினான்.

மதியம் கோபால் மட்டும் திரும்பினான். வலையின் கடைசிக் கழியை ஊன்றிவிட்டு அஜித் தண்ணீருக்குள்ளேயே நடந்து போனான் என்றும், இடுப்பளவு நீர்தான், எப்படி மூழ்கினான் என்று தெரியவில்லை என்றும் மாரில் அடித்துக்கொண்டு அழுதான். வலை இழுக்காமலே படகு விளிம்புவரை இறால்.

அழுகுரல் கேட்டு ஊர் கரைக்கு ஓடிவந்துகொண்டிருந்தபோது, அம்பிகாவின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய கோதண்டத்தின் குரலில் இருமல் இல்லை.

“ரெண்டு தம்ளர் கஞ்சி குடிச்சேன்மே. இன்னும் பசிக்குது. புள்ள மொத தடவ தன் பேருல போயிருக்கான், வலைய ஒழுங்கா கட்னானா?”

அம்பிகா போனை இரண்டு கைகளாலும் பொத்தி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“நல்லா கட்னான்யா” என்றாள்.