மனுக்காரர் வீட்டுப் பூட்டு

பேருந்து நிலையத்தின் பின்வாசலில், மின்கம்பத்தை ஒட்டி இருந்த மரப்பெட்டிதான் சாவியக்காவின் கடை. உள்ளே ஒருவர் உட்காரலாம். இன்னொருவர் எட்டிப் பார்த்தால் வெளிச்சம் போய்விடும். பூட்டுத் தொழிற்சாலையில் பதினோரு வருஷம், சாவி தூக்கிவிடுகிற லீவர் தகடுகளைப் பூட்டுக்குள் கோத்தவள் அவள். ஆலை மூடியபோது மற்றவர்கள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனார்கள்; இவள் ஓர் அரத்தை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். எந்தப் பூட்டும் அவள் விரல் நுனியோடு பேசும். சோப்புக் கட்டியில் சாவியின் அச்சைப் பதித்து எடுத்து வருகிறவர்களுக்கு மட்டும் அவள் செய்து தர மாட்டாள். பூட்டைக் கொண்டு வா, இல்லை வீட்டுக்காரரைக் கூட்டி வா என்று திருப்பி அனுப்பிவிடுவாள். அதனால் நாலு பேரோடு மனஸ்தாபம் வந்ததுண்டு.

அன்று காலை பத்தரை மணிக்கு ஒரு ஜீப் கடையை அடைத்தாற்போல் வந்து நின்றது. இறங்கியவர் அந்தப் பகுதி ஆய்வாளர். கூட இரண்டு காவலர்கள். பையை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். யாரோ சாவியைத் தொலைத்துவிட்டுத் தவிக்கிறார்கள் போல என்று அவளும் ஏறிக்கொண்டாள்.

ஜீப் நின்றது மனுக்காரர் வீட்டு வாசலில். ஊரில் எது கோணலாக இருந்தாலும் அதற்கு ஒரு மனு எழுதிவிடுகிற ஓய்வுபெற்ற வாத்தியார் அவர். சாவியக்காவின் கடைத் தகரக் கூரை நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று மனுப் போட்டு, இரண்டடி வெட்ட வைத்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்தபடி வேலை செய்தவளுக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். இப்போது அவர் வெளியூரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது.

"திற" என்றார் ஆய்வாளர்.

அவள் பழக்கதோஷத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கம்பியை உள்ளே விட்டாள். முதல் லீவர் எழும்பியது. இரண்டாவதும் எழும்பியது. மூன்றாவதைத் தேடும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஒரு காவலர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். உடைப்பதென்றால் இவர்களுக்குக் கடப்பாரை போதும். உடைத்தால் தடயம் இருக்கும். உள்ளே போனதே தெரியக்கூடாது என்றுதான் தன்னை அழைத்து வந்திருக்கிறார்கள்.

கம்பி அப்படியே நின்றது. "வீட்டுக்காரருக்குத் தெரியுமா சார்? கோர்ட்டுக் காகிதம் இருந்தா காட்டுங்க."

மேலிடத்து உத்தரவு என்றார் அவர். உள்ளே அரசாங்கத்துக்கு விரோதமான காகிதங்கள் இருக்கின்றன, பார்த்துவிட்டு வந்துவிடுவோம், ஒரு துரும்பு நகராது என்றும் சொன்னார். குரல் சாந்தமாகத்தான் இருந்தது. 

அவள் கம்பியை வெளியே இழுத்தாள். எழும்பி நின்ற இரண்டு லீவர்களும் டக் டக்கென்று விழுந்தது அவள் காதுக்கு மட்டும் கேட்டது.

"நாளைக்கு உனக்குக் கடை இருக்காது. தெரியுதா?"

"கடைக்கு அனுமதி நீங்க குடுத்தது சார், எடுத்துக்கங்க. இந்தக் கதவு நீங்க குடுத்ததில்லையே."

சொல்லிவிட்டுக் கம்பியைப் பைக்குள் போட்டாள். 

ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பையைப் பிடுங்கி மேசைக்கு அடியில் தள்ளினார்கள். மத்தியானம் ஒரு காகிதம் வந்தது. ஆள் இல்லாத வீட்டைத் தானாகவே திறக்கப் போனதாகவும், காவலர்கள் கையும் களவுமாகப் பிடித்ததாகவும் அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் எச்சரித்து அனுப்பிவிடுவோம், போடாவிட்டால் வழக்கு என்றார்கள். அவள் எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள். பேனாவைத் தொடவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு அவள் கணவர் ஓடி வந்தார். பேருந்துப் பணிமனையில் முதுகு ஒடிந்து வேலையை விட்டவர். வழக்கமாக எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பார். அன்று முகத்தில் ஈயாடவில்லை. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"போட்டுட்டு வா. யாருக்காக இந்த வம்பு? நம்ம கூரைய வெட்ட வெச்சவனுக்காகவா?"

"அந்த ஆளுக்காக இல்லைங்க. இன்னைக்கு நான் அவர் வீட்டைத் திறந்தா, நாளைக்கு நம்ம வீட்டைத் திறக்க இன்னொருத்தன் வருவான். அப்ப யாரைப் போய் நான் கேக்குறது?"

 அவர் எழுந்து போகவில்லை. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இருவரும் அந்தக் காகிதத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், அலுத்துப்போன ஒரு காவலர் போகச் சொன்னார். பையைத் தரவில்லை.

மறுநாள் கடைக்கு அரக்கு முத்திரை. பக்கத்துப் பழக்கடைக்காரர், தினம் ஊர்க்கதை பேசுகிறவர், அவளைக் கண்டதும் பழங்களை அடுக்க ஆரம்பித்தார். ஏழு வாரம் அவள் வீடு வீடாகப் போய்ப் பீரோ பூட்டுக்கு எண்ணெய் விட்டாள். ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிடுவாள்.

ஊரிலிருந்து திரும்பிய மனுக்காரர் தேடி வந்தார். வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமினார். நன்றி என்ற வார்த்தை அவருக்கு வரவில்லை. நடந்ததைத் தேதி, நேரத்தோடு சொல்லச் சொல்லி நாலு பக்கம் எழுதிக்கொண்டார். அவள் கணவர் அப்போதுதான் பழையபடி வாயைத் திறந்தார்: "கூரையப் பத்தி இதுல ஒண்ணும் எழுதிறாதீங்க சார்." மனுக்காரர் சிரிக்கத் தெரியாமல் சிரித்தார்.

கடையை மூடியதை எதிர்த்து அந்த மனு நீதிமன்றத்துக்குப் போனது. விசாரணையன்று ஆய்வாளர் அவளுக்கு நாலடி தள்ளி நின்றிருந்தார். பயமாக இல்லையா என்று நீதிபதி கேட்டார்.

"இருந்துச்சுங்க ஐயா. இப்பவும் இருக்கு" என்றாள்.

வீட்டைச் சோதிக்கச் சொன்ன உத்தரவு எங்கே என்று நீதிபதி ஆய்வாளரிடம் கேட்டார். மேலிடம் வாய்மொழியாகச் சொன்னது என்று பதில் வந்தது. மேலிடத்தின் பெயரைக் கேட்டார். ஆய்வாளர் அரசு வக்கீலின் முகத்தைப் பார்த்தார்.  கடை அனுமதி என்பது சொன்னபடி கேட்காதவர்களை அடிக்க வைத்திருக்கும் பிரம்பு இல்லை என்று தீர்ப்பில் எழுதினார். கடை திறந்தது. பை வந்தது, இரண்டு கம்பிகள் குறைவாக. ஆய்வாளருக்குத் தண்டனை ஒன்றும் இல்லை. வேறு ஊருக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அந்த ஊரிலும் ஒரு பூட்டுக்காரர் இருப்பாரே என்று அவள் சில நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போதும் கடை முன்னால் ஏதாவது வண்டி வேகம் குறைத்தால் அவள் கை அரத்தோடு நின்றுவிடுகிறது. வண்டி தாண்டிப் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பிறகு சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விட்ட பல்லிலிருந்து மறுபடி அராவுகிறாள்.